அசிஸ்ட்: சமுதாயக் கல்லூரியிலிருந்து பெர்க்கிலிக்கு மாறுவோருக்கான பாட ஈட்டுத் தளம் பற்றிய மதிப்புரை

கலிஃபோர்னியாவின் அரசு சமுதாயக் கல்லூரி ஒன்றில் முதல் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு மாறிச் செல்ல விரும்புவோருக்கென அம்மாநிலத்தின் அரசு உயர்கல்வி அமைப்புகள் நடத்தும் இணையதளம் அசிஸ்ட். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படும் என்பதைக் கல்வியாண்டு வாரியாக வெளியிடுவதே அதன் வேலை. அதைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, பெயரைப் பதிய வேண்டியதும் இல்லை. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியிலும், பிளஸ் டூவை ஆங்கிலவழியிலும் படித்த என் தங்கை மகள் இத்தளத்தை முன்னால் வைத்துக்கொண்டே தன் இரண்டு ஆண்டுப் படிப்பைத் திட்டமிட்டாள். இப்போது பெர்க்கிலியில் புள்ளியியல் படிக்கிறாள். அவளோடு சேர்ந்து முதலிலிருந்து கடைசிவரை அத்தளத்தைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், வேலந்தாவளம் தொடங்கி மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரை கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

தளத்தின் அருமை தெரிய வேண்டுமானால் அதன் பின்னாலுள்ள ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். 1960-ல் கலிஃபோர்னியா மாநிலம் தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அதன்படி பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற இன்னோர் அரசு அமைப்புக்கும் உரியவர்கள். சமுதாயக் கல்லூரிகளின் கதவு மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும். அங்கே நன்றாகப் படித்தவர்கள் பிறகு மேலே மாறிச் செல்லலாம். இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. புதிதாகச் சேர்க்கும் முதலாண்டு மாணவர் இருவருக்கு, இப்படி மாறி வரும் மாணவர் ஒருவர் என்ற விகிதத்தைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் இலக்காகவே வைத்திருக்கிறது. பள்ளி முடித்து நேராக விண்ணப்பிப்போரில் பத்துப் பேருக்கு ஒருவர் அளவிலேயே பெர்க்கிலியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இடம் பெறுகிறார்கள். இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்போரிலோ, சமீப ஆண்டுகளில், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. அப்படி இடம் பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்தே வருகிறார்கள்.

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் தொழிற்பயிற்சி தருபவை. அங்குள்ளவை பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளையும் நடத்துகின்றன என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு விளங்க வைப்பதே எங்களுக்கு முதல் வேலையாக இருந்தது. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பெண்ணை ஏன் படிப்பு வராதவர்கள் போகும் இடத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று உறவினர்கள் கேட்டார்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பணியில் முன்னணியில் நின்ற கிரெய்க் வென்டர், சான் மத்தேயோ கல்லூரியிலிருந்து கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்துக்கு மாறிச் சென்றவர். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். இந்த இருவரின் கதையைச் சொன்ன பிறகே அவளுடைய பாட்டிக்கு மனம் சமாதானமானது.

இனி தளத்துக்கு வருகிறேன். முகப்பில் கல்வியாண்டையும், படிக்கும் கல்லூரியையும், போக விரும்பும் பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தெடுத்தால், பட்டத்துக்கான முதன்மைப் பாடங்களின் பட்டியல் விரியும். அதில் ஒன்றைத் திறந்தால் ஒரு பக்கம் பல்கலைக்கழகம் எதிர்பார்க்கும் பாடங்களும், அவற்றுக்கு நேர் எதிரே கல்லூரியில் அவற்றுக்கு ஈடான பாடங்களும் வரிசையாக வரும். சில இடங்களில் ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பாடங்கள் ‘ஆண்ட்’ என்ற சொல்லால் இணைக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒன்று முடிந்ததாகக் கணக்கு. சில இடங்களில் ‘ஆர்’ என்று இருக்கும். ஏதேனும் ஒன்று போதும். ஈடான பாடமே இல்லையென்றால் ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்ற வரி நிற்கும். இந்த மூன்றையும் சரியாகப் படிக்கத் தெரிந்துகொண்டால் தளம் முழுவதும் வசப்பட்டுவிடும்.

எங்கள் வீட்டு நிலவரத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பெர்க்கிலியின் கணிதம் 54 என்ற பாடத்தில் நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஒரே பாடமாக நடத்தப்படுகின்றன. பல சமுதாயக் கல்லூரிகளில் அவை இரண்டு தனித்தனிப் பாடங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் முடித்தவருக்குப் பெர்க்கிலியின் அந்தப் பாடத்தில் பாதி முடித்ததாகக்கூட எண்ணப்படுவதில்லை. நுண்கணிதத்திலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. குப்பர்டினோவிலுள்ள டி ஆன்சா கல்லூரி ஆண்டைக் காலாண்டுகளாகப் பிரித்துப் பாடம் நடத்துவதால், அங்கே நுண்கணிதம் 1ஏ முதல் 1டி வரை நான்கு பாடங்களாக இருக்கிறது. அரையாண்டு முறையில் நடக்கும் சாண்டா மோனிகா கல்லூரியில் அதுவே 7, 8, 11 என்ற எண்கள் கொண்ட மூன்று பாடங்கள். ஒரு கல்லூரியில் வரிசையைத் தொடங்கி நடுவில் இன்னொன்றுக்கு மாறுகிறவருக்கு இரண்டு பட்டியல்களும் பொருந்தாமல் போய், படித்த பகுதியையே மீண்டும் படிக்க நேரலாம். ஆகவே ஒரு தொடரை எங்கே தொடங்குகிறோமோ அங்கேயே முடிப்பதுதான் பாதுகாப்பு. இவற்றையெல்லாம் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆலோசகர் சொல்லித் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. எந்தக் கல்லூரியில் சேர்வது என்று முடிவெடுக்கும் முன்பே, நாம் விரும்பும் பிரிவுக்கான ஒப்பந்தத்தை, அதாவது அந்தப் பாட ஈட்டுப் பட்டியலை, பக்கத்திலுள்ள நாலைந்து கல்லூரிகளுக்குத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஈடு இல்லாத வரிகள் குறைவாக உள்ள கல்லூரியே நமக்கு ஏற்ற கல்லூரி. கட்டடமும் விளம்பரமும் ஊரின் அழகும் அதற்குப் பிறகுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிகவும் தேர்ந்தெடுத்தே மாணவர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகம் என்றவுடன் நம் பெற்றோர் மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும்தான் நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் எஸ்ஏடி தேர்வைச் சேர்க்கையில் பார்ப்பதே இல்லை. இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து மாறுகிறவரிடம் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் அங்கே எடை கிடையாது. கல்லூரிப் பாடங்களும் அவற்றில் பெற்ற தரமுமே கணக்கில் வருகின்றன. பிளஸ் டூவில் உடல்நலக் குறைவாலோ குடும்பச் சூழலாலோ மதிப்பெண் இழந்த பிள்ளைக்கு இதைவிட நியாயமான இரண்டாவது தொடக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. குறைந்தபட்சத் தகுதி என்று பார்த்தால், அரையாண்டு முறையில் 60 யூனிட்டுகள் (யூனிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்), இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள், ஒரு கணிதப் பாடம், பிற துறைகளிலிருந்து நான்கு பாடங்கள், மாநிலத்தவருக்கு 2.4 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரித் தரப்புள்ளி), வெளியிலிருந்து வருவோருக்கு 2.8 ஜிபிஏ. இந்த எண்களைப் பார்த்துவிட்டு இது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். பெர்க்கிலியில் இடம் பெறுவோரின் ஜிபிஏ இதற்கு வெகு மேலே இருக்கிறது. அதோடு, போட்டி மிகுந்த பிரிவுகளில், மாறும் முன்பே முடிக்க வேண்டிய முன்பாடங்களில் ஒன்று குறைந்தாலும் நல்ல ஜிபிஏ வைத்திருப்பவர்கூடப் பின்தங்க நேர்கிறது. அந்த முன்பாடங்களின் பட்டியல்தான் அசிஸ்டில் இருக்கிறது.

எந்தப் பிரிவினருக்கும் பொதுவான பொதுக்கல்விப் பாடங்களுக்கென்று வேறொரு பட்டியலும் அங்கே உண்டு. முன்பு ஐஜிஈடிசி என்று இருந்த அத்தொகுப்பு, 2025 இலையுதிர்ப் பருவத்திலிருந்து கால்-ஜிஈடிசி என்ற பெயரில் 11 பாடங்கள் கொண்ட ஒரே தொகுப்பாக மாறியிருக்கிறது. அறிவியல், பொறியியல் பிரிவுகளுக்குப் போகிறவர்கள் இந்தத் தொகுப்பை முழுமையாக முடிப்பதைவிட முதன்மைப் பாடத்துக்கான முன்பாடங்களை முடிப்பதற்கே முதலிடம் தர வேண்டும்.

தளம் சொல்லாதவை எவை என்பதையும் சொன்னால்தான் மதிப்புரை முழுமையாகும். ஒரு பாடம் ஈடாக ஏற்கப்படும் என்று அசிஸ்ட் சொல்லும். அந்தப் பாடம் இந்தப் பருவத்தில் நடக்கிறதா, அதில் இடம் இருக்கிறதா என்பது அதன் எல்லைக்குள் வராது. அதற்குக் கல்லூரியின் கால அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பதிவு செய்யும் நாள் பொதுவாகப் பிந்தியே வருவதால், ஆங்கிலக் கட்டுரைப் பாடம் போன்றவற்றில் இடங்கள் அதற்குள் நிரம்பியிருக்கும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் அவர்கள் குறைந்தது 12 யூனிட்டுகள் படித்தாக வேண்டும். அந்தக் கணக்கில் இணையவழிப் பாடம் ஒன்றை மட்டுமே, மூன்று யூனிட் அளவுக்குத்தான் சேர்க்கலாம். தேவையான பாடம் அந்தப் பருவத்தில் இணையவழியில் மட்டுமே நடக்கிறது என்றால், வகுப்பறையில் நடக்கும் வேறு பாடங்களைக் கொண்டு மீதியை நிரப்ப வேண்டியிருக்கும். மாநிலத்து மாணவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அசிஸ்ட் பட்டியலையும், அட்டவணையையும், விசா விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எங்கள் பெண் ஒவ்வொரு பருவத்தையும் தீர்மானித்தாள். இங்கே காலை எட்டு மணி என்றால் கோடையில் அங்கே முந்தைய நாள் இரவு ஏழரை. அவள் வகுப்பு முடிந்து வீடு திரும்பியிருப்பாள், நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். “மாமா, 54-க்கு ரெண்டும் வேணுமுங்க, ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல வருதுங்க” என்பாள். அவற்றில் ஒன்றைக் கோடைப் பருவத்துக்குத் தள்ளலாமா என்று இருவரும் பேசுவோம். அப்படிப் பேசுவதற்கு எங்கள் இருவர் முன்னும் ஒரே பக்கம் திறந்திருந்தது என்பதே பெரிய பலம்.

இதே வேலைக்குக் காசு வாங்கும் இடங்களும் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள நகரமொன்றில் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்றை முதலில் அணுகினோம். சமுதாயக் கல்லூரிக்கு விசா கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லி, தாங்கள் மாணவர்களை அனுப்பும் தனியார் பல்கலைக்கழகங்களின் பட்டியலை நீட்டினார்கள். இடமாற்ற வழியில்தான் போக வேண்டும் என்று நாங்கள் உறுதியாகச் சொன்ன பிறகு, பாடத்திட்ட வரைபடம் தயாரித்துத் தருவதற்கென்று தனிக் கட்டணம் கேட்டார்கள். மாதிரிக்கு அவர்கள் காட்டிய வரைபடம் அசிஸ்ட் பக்கத்தின் அச்சுப் பிரதியே. ஆலோசகர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அரசு இலவசமாகத் தரும் ஒன்றை நம் பெற்றோர் நிலத்தை அடகு வைத்து வாங்கக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

உண்மையான ஆலோசனை கிடைக்கும் இடம் கல்லூரிக்குள்ளேயே இருக்கும் இடமாற்ற மையம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களின் பிரதிநிதிகளும் அங்கே வந்து மாணவர்களைச் சந்திப்பதுண்டு. அந்தச் சந்திப்பின் நேரம் குறைவானது. அசிஸ்ட் பக்கத்தை முன்பே படித்து, கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறவருக்கே அது முழுதாகப் பயன்படும். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று அங்கே போய்க் கேட்பது கிடைத்த நேரத்தை வீணாக்குவதாகும். ஈடில்லாத வரி ஒன்று இருந்தால் அதற்குப் பதிலாக என்ன செய்யலாம், பக்கத்துக் கல்லூரியில் அந்த ஒரு பாடத்தை மட்டும் படிக்க அனுமதி கிடைக்குமா என்பவைதான் அங்கே கேட்க வேண்டியவை.

அசிஸ்டோடு சேர்த்து இன்னொரு சேவையையும் சொல்லியாக வேண்டும். இடமாற்றச் சேர்க்கை உறுதி, சுருக்கமாக ‘டேக்’ என்ற ஏற்பாட்டைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் வழங்குகின்றன: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். குறித்த பாடங்களையும் ஜிபிஏயையும் எட்டிவிட்டால் இடம் உறுதி. வெளிநாட்டு மாணவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒருவர் ஒரு வளாகத்துக்குத்தான் கேட்க முடியும். பெர்க்கிலியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியகோவும் இந்த ஏற்பாட்டில் இல்லை. ஏற்பாட்டில் உள்ள வளாகங்களிலும் சில பிரிவுகளுக்கு இந்த உறுதி கிடையாது; சாண்டா பார்பராவின் பொறியியல் அப்படிப்பட்டது. எங்கள் பெண் டேவிஸுக்கு உறுதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, பெர்க்கிலிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் போட்டியில் விண்ணப்பித்தாள். கையில் ஓரிடம் நிச்சயமாக இருக்கிறது என்ற தெம்பு அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டிலிருந்த எல்லோரையும் தூங்க விட்டது.

காலக்கணக்கில்தான் நம் பிள்ளைகள் ஏமாறக்கூடும். டேக் விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டுமே ஏற்கப்படுகிறது. பொது விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதி வரை அனுப்பலாம். அடுத்த ஆண்டு இலையுதிர்ப் பருவத்தில் சேர்வதற்கே இவை. அதாவது, இரண்டே ஆண்டுகளில் மாற வேண்டும் என்று எண்ணுகிறவர், கல்லூரிக்குள் நுழைந்து ஓராண்டு முடிந்த கையோடு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருப்பார். டேக் கேட்பதற்குள் 30 அரையாண்டு யூனிட்டுகளை முடித்திருக்கவும் வேண்டும். விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு முதலாண்டு மதிப்பெண்தான் கையில் இருக்கும். புது நாடு, புது மொழிச் சூழல் என்று பழகிக்கொள்ள அந்த ஆண்டைச் செலவழித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. நம் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர் முறை வைத்து வரும்போது, தன் முறை நாளில் மடை திறக்காதவன் அடுத்த முறைக்குக் காத்திருப்பதைப் போலத்தான் இதுவும்; தவறவிட்டால் பெரும்பாலும் ஓராண்டு போய்விடும். ஜனவரியில், இலையுதிர்ப் பருவத்து மதிப்பெண்களைச் சேர்த்து விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். சேர்க்கை முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வரும். கிடைத்த இடத்தை ஜூன் 1-க்குள் ஏற்க வேண்டும்.

விண்ணப்பத்தில் நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மிகாமல் விடை எழுத வேண்டும். தேர்ந்தெடுத்த பாடத்துக்குத் தன்னை எப்படித் தயார்படுத்திக்கொண்டார் என்பது இடமாற்ற மாணவருக்குக் கட்டாயக் கேள்வி. எங்கள் பெண் சித்தூர்ப் புழையில் நீர்வரத்துக் கணக்கைத் தாத்தா ஒரு நோட்டில் குறித்து வைத்ததையும், அதைத் தான் எண்களாகப் பார்க்கத் தொடங்கியதையும் எழுதினாள். பரிந்துரைக் கடிதங்கள் பொதுவாகத் தேவையில்லை.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான வழி என்ற பெயரே இதற்கு அதிகம் பரவியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் வசிக்கும் தகுதி பெற்ற மாணவருக்குச் சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். நம் ஊரிலிருந்து போகும் மாணவருக்கு அதைப் போலப் பல மடங்கு. அப்படியிருந்தும், முதல் இரண்டு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்திலேயே படிப்பதோடு ஒப்பிட்டால் இது வெகு குறைவு. பல்கலைக்கழகம் வெளியாரிடம் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் அதிகமாகக் கூடுதலாக வாங்குகிறது. ஆனால் மூன்றாம் ஆண்டில் மாறியவுடன் அந்தக் கூடுதல் தொகை முழுதாக வந்து விழும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டும் பணம் திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டு, பெர்க்கிலி இடம் தந்த பிறகு கட்டணத்துக்காக அதை விட்டுக்கொடுக்க நேர்வதைப் போல வேதனை வேறில்லை. அந்த ஏப்ரல் மாதத்தை இப்போதே மனத்தில் வைத்து நான்கு ஆண்டுக் கணக்கையும் முதலிலேயே போட வேண்டும். எங்கள் பெண்ணுக்கு அங்கே சித்தப்பா வீடு இருந்ததால் இரண்டு ஆண்டுகளும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் செலவில்லை. அந்த வசதி இல்லாதவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கல்லூரிக் கட்டணத்தைவிட வீட்டு வாடகையே கடுமையாக இருக்கும். உறவினர் மூலம் குடியேற்ற உரிமை பெற்று அங்கே போகும் நம் பிள்ளைகளுக்கோ, வசிப்புத் தகுதி கிடைத்தவுடன் இந்த வழி உண்மையிலேயே பொன்னான வழி. பெரிய பெரிய வாக்குறுதிகளைக் கேட்பதைவிட, தாம் மாணவர் விசாவில் போகிறவரா, வசிப்புத் தகுதி பெறப்போகிறவரா என்று ஒவ்வொருவரும் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்விக் கடனிலும் ஒரு தடை உண்டு. ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும்; அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்தவுடன், பட்டமே தராத படிப்புக்கு எப்படிக் கடன் தருவது என்று ஒரு வங்கியில் கேட்டார்கள். அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது அசிஸ்ட் ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதிதான். இந்தப் பாடங்கள் பெர்க்கிலியில் இன்னின்ன பாடங்களாக ஏற்கப்படுகின்றன என்று பல்கலைக்கழகத்தின் பெயரோடு அச்சில் காட்டியபோது மேலாளரின் பேச்சு மாறியது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடந்த விசா நேர்காணலிலும் ஏன் இரண்டாண்டுக் கல்லூரி என்ற கேள்வி வந்தது. எந்தப் பாடத்திலிருந்து எந்தப் பாடத்துக்குப் போகிறேன் என்று அவள் பெயர் சொல்லி விளக்கினாள். மாறிச் செல்வேன் என்று பொதுவாகச் சொல்கிறவரைவிட, பாடப் பட்டியலோடு சொல்கிறவரின் பேச்சில் உறுதி தெரியும் என்று நான் நம்புகிறேன்.

தனியார் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்திருப்போருக்கு இத்தளம் அவ்வளவாக உதவாது. இது அரசு நிறுவனங்களுக்கிடையிலான ஏற்பாடு. தெற்குக் கலிஃபோர்னியாவின் தனியார் பல்கலைக்கழகமான யூஎஸ்சி ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடமாற்ற மாணவர்களைச் சேர்க்கிறது. தனக்கான பாட ஈட்டுப் பட்டியலைத் தானே வெளியிடுகிறது. ஸ்டான்போர்டு இடமாற்றத்தில் மிக மிகச் சிலரையே எடுக்கிறது. அதை மட்டும் நம்பி யாரும் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் நான் நாலரை தருவேன். குறைத்த அரை, பாடம் நடக்கும் பருவத்தையும் இடமிருப்பையும் அதே பக்கத்தில் காட்டும் ஏற்பாடு இல்லாததற்காக. கேரளத்தில் 2024-லிருந்து நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு தொடங்கி, பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவதைப் பற்றியும் கிரெடிட்டுகளைப் பற்றியும் நம் சித்தூர் அரசுக் கல்லூரி மாணவர்களும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் இன்ன பாடம் மற்றொன்றின் இன்ன பாடத்துக்கு ஈடு என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரே பக்கத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தால், எல்லை ஊரில் தமிழ்வழி படித்துவிட்டு வரும் பிள்ளை யாரையும் கெஞ்சாமல் தன் வழியைத் தானே தீர்மானித்துக்கொள்ளும்.

இங்கே ஏற்கெனவே ஓராண்டோ இரண்டாண்டோ பட்டப்படிப்பு படித்துவிட்டு அங்கே போக எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அசிஸ்டில் நம் நாட்டுக் கல்லூரிகள் கிடையாது. இங்கே முடித்த பாடத்துக்கு அதில் ஈடு தேட முடியாது. நம் பிளஸ் டூவில் படித்த நுண்கணிதத்துக்கும் அங்கே கல்லூரிப் பாடமென்ற மதிப்பு கிடைப்பதில்லை. தகுதியைப் பார்த்து நேராக அடுத்த நிலைப் பாடத்தில் அமர்த்தும் வாய்ப்பிருந்தாலும், பெர்க்கிலி கேட்கும் தொடரை முதலிலிருந்து அங்கேயே படிப்பது நல்லது. அதே நேரத்தில் விண்ணப்பத்தில், உலகின் எந்த மூலையில் படித்த கல்லூரிப் படிப்பாக இருந்தாலும், பாதியில் விட்டதாக இருந்தாலும், தோற்ற பாடம் உட்பட எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டும். மறைத்தது பின்னர் தெரிந்தால் கொடுத்த இடத்தையே பல்கலைக்கழகம் திரும்பப் பெறலாம். ஆகவே அப்படிப்பட்டவர்கள் இங்கிருந்து புறப்படும் முன்பே, படித்த கல்லூரியிலிருந்து அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட நகலையும் உறையிலிட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே போன பிறகு இதற்காக வீட்டுப் பெரியவர்களைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அலையவிட வேண்டியிருக்காது.